பௌர்ணமியில் பெய்த பனி

எங்கள் கல்லூரி முதல்வர் இளவரசன், அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்க ஆறு வாரம் போய்வந்தார். போய்வருகிறவர்கள் சாக்லேட் வாங்கி வருவார்கள், சென்ட் பாட்டில் வாங்கி வருவார்கள். இவர் விதிகள் வாங்கி வந்தார். மருமகன் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் கையேடு அவர் கையில் சிக்கியதாம். அதில் முதுகலை மாணவர்களை ஒழுங்குக்குக் கொண்டுவர ஒரு முழு அத்தியாயமே இருந்ததாம். விமானத்திலேயே அதைப் படித்து முடித்துவிட்டார் என்று அலுவலகக் கண்காணிப்பாளர் தசரதன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாடப்புத்தகத்தையும் முதல்வர் ஒரு காலத்தில் அப்படிப் படித்திருந்தால் எங்களுக்கு ஒரு நல்ல கணக்கு வாத்தியார் கிடைத்திருப்பார்.

1999ஆம் வருடம் அது. நான் எம்.எஸ்ஸி. கணிதம் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வேலூர் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில், புளியமரங்களுக்கு நடுவே இருந்த தனியார் கல்லூரி. அதுவரை அங்கே வருகைப்பதிவு குறைந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது. எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கம்மியானால் அபராதம் கட்டிவிட்டுப் பரீட்சை எழுதலாம். முதல்வருக்கு அந்த வழி இப்போது நாகரிகமாகப் படவில்லை. அமெரிக்காவில் 'ப்ரொபேஷன்' என்று ஒன்று உண்டு. குறை வைத்த மாணவரை ஒரு பருவம் முழுக்கக் கண்காணிப்பார்கள். தேறினால் வைத்துக்கொள்வார்கள், தேறாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். நம் கல்லூரி மட்டும் எதில் குறைச்சல்?

டிசம்பரில் இரண்டாம் பருவம் தொடங்கியதும் ஒன்பது விதிகள் நோட்டீஸ் போர்டில் ஏறின. முதல் பருவத்தில் எழுபத்தைந்துக்குக் கீழே போனவர்கள் 'தகுதிகாண் நிலை'யில் வைக்கப்படுவார்கள். அவர்களுக்கு ஒரு மஞ்சள் அட்டை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம். அந்த மணியின் ஆசிரியர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து கட்டங்களுக்கு மேல் காலியாக இருந்தால் பெயர் அடிக்கப்படும். மூன்று வருடங்களுக்கு மறுபடி சேர முடியாது. எல்லாவற்றையும்விட அழகு ஏழாவது விதி. கடும் பனிப்பொழிவால் வகுப்பு நடக்காமல் போனால், அது மாணவரின் விடுப்பாகக் கருதப்படாது.

மார்கழி மாதத்துப் பனியை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாசலில் குவிந்து கிடக்க, மண்வெட்டியால் வெட்டி எடுப்பார்களே, அந்த வெள்ளைப் பனி. தசரதன் கையேட்டைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தார், முதல்வர் அப்படியே கையெழுத்துப் போட்டார். ஈயடிச்சான் காப்பி என்பது இதுதான். சித்திரையில் ரோட்டுத் தார் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் ஊரில் பனிக்கு விலக்கு உண்டு, பௌர்ணமிக்கு விலக்கு கிடையாது.

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் என்ன நடக்கும் என்பது வெளியூர்க்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், மலையைச் சுற்ற வருகிறவர்களே அவர்கள்தானே. உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் வராது என்பதுதான். காலையிலேயே டவுன் பஸ்களைத் திருப்பிவிடுவார்கள். மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஊர் ஒரு நிலைக்கு வராது.

எங்கள் வீடு கிரிவலப் பாதையிலேயே, அடி அண்ணாமலையில். என் அம்மா ஜோதியம்மாள் பாதையோரம் சுக்குக் காபியும் சுண்டலும் விற்கிறாள். மாதத்தில் மற்ற நாளெல்லாம் நாலு பேர் வருவார்கள், பௌர்ணமியன்று நிற்க இடம் இருக்காது. பகல் முழுக்கச் சுக்கு இடிக்க வேண்டும், கடலை வேகவைக்க வேண்டும், தண்ணீர் தூக்க வேண்டும். நான் எம்.எஸ்ஸி. சேர்ந்த அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள்.

"பௌர்ணமின்னு நீ லீவு போட்டின்னா பாரு. ஒத்த ஆளா நான் சமாளிச்சுக்கறேன். பஸ்ஸு இல்லன்னா இன்னா, காலு கீது இல்ல?"

கால் இருந்தது. நடந்தேன். பாதையோடு வடக்கே சுற்றி ஊருக்குள் வந்து கல்லூரியைத் தொட ஒன்றரை மணி நேரம் ஆகும். மாதா மாதம் பையும் புத்தகமுமாக அரைக் கிரிவலம் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் திரும்பும்போது கூட்டத்துக்கு எதிரே நடக்க வேண்டும். "வலம் வர்ற பாதையில எதிர்ல வராதம்மா, பாவம்" என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் எனக்குப் பாவக் கணக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்படி நடந்து படித்தவளுக்கு முதல் பருவத்தில் எழுபத்திரண்டு சதவீதம். எங்கள் வகுப்பில் பதினொரு பேர். மஞ்சள் அட்டை வாங்கியது நான் ஒருத்திதான்.

இது எப்படி நடந்தது என்பதைக் கஸ்தூரிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வருகிறவள், என் பக்கத்தில் உட்காருகிறவள். துறைத்தலைவர் வேணு சாரின் வருகைப்பதிவேட்டை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது புரட்டிப் பார்த்திருக்கிறாள்.

"ஏய் ரேணுகா, பௌர்ணமி, அதுக்கு முந்தின நாள், அடுத்த நாள், எல்லாத்துலயும் உனக்கு ஆப்சென்ட்டு. தீபம் பத்து நாளும் ஆப்சென்ட்டு. எனக்குப் பிரசென்ட்டு போட்டிருக்காருடி. பஸ்ஸே இல்லாம நான் வீட்டுல பட்டாணி உரிச்சுக்கிட்டு இருந்தேன்!"

அந்த நாட்களில் வகுப்புக்கு வராதவர் வேணு சார்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் மைத்துனருக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. பௌர்ணமியை ஒட்டியும் தீபத்தை ஒட்டியும் கூட்டம் ஜாஸ்தி என்பதால் முன்னறையில் உட்கார்ந்து அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருப்பார். ஆனால் பாடம் நடந்ததாகப் பதிவேடு காட்ட வேண்டுமே. பிற்பாடு உட்கார்ந்து, யார் வந்திருப்பார்கள் என்று யோசித்து நிரப்புவார். கிரிவலப் பாதையில் கடை வைத்திருப்பவர் மகள் பௌர்ணமியன்று எப்படி வந்திருப்பாள்? ஆப்சென்ட். நியாயமான அனுமானம், கணித வாத்தியார் அல்லவா.

கேட்டுப் பார்த்தேன். "போனதைப் பேசி என்ன பிரயோஜனம்? அட்டையை ஒழுங்கா நிரப்பிட்டு வா" என்றார். அட்டையை நிரப்ப அவர் வர வேண்டும் என்பதை அவரிடமே எப்படிச் சொல்வது?

மற்ற ஆசிரியர்கள் பௌர்ணமியன்று பத்தரை, பதினொன்று என்று முன்னே பின்னே வந்து சேர்ந்துவிடுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். வேணு சாருடையது முதல் மணி. வகுப்பறையைத் திறக்கவே ஆள் இருக்காது. சாவிகள் அலுவலக உதவியாளர் மண்ணாங்கட்டியிடம் இருந்தன. ஒரு நீள நோட்டில் தேதி, அறை எண், நேரம், வாங்கியவர் கையெழுத்து, திருப்பிக் கொடுத்த நேரம் என்று கோடு போட்டு வைத்திருப்பார். கையெழுத்து இல்லாமல் கடவுளே வந்து கேட்டாலும் சாவி கிடையாது.

அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகளும் தவறிவிட்டதால், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று வைத்த பெயராம் அது. எமன் கண்ணில் படவில்லை. நிர்வாகத்தின் கண்ணிலும் படவில்லை.

என் மஞ்சள் அட்டையைப் பார்த்து அவர்தான் முதலில் சிரித்தார்.

"ப்ரொபேஷனா? அட, நானும் அதுலதான் பாப்பா இருக்கறேன். எம்பத்தெட்டுல சேந்தப்ப ரெண்டு வருசம்னு போட்டாங்க. பைலைக் கறையான் தின்னுடுச்சுன்னு ஒரு தபா, கமிட்டி மாறிடுச்சுன்னு ஒரு தபா. பதினோரு வருசம் ஆச்சு, பாஸுன்னும் சொல்லல பெயிலுன்னும் சொல்லல. ஆர்டர் வந்தாத்தான் நிரந்தரம், பென்சன் எல்லாம். இப்ப டைப் அடிச்சு பிரின்சிபால் டேபிள்ல வெச்சிருக்காங்களாம். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

டிசம்பர் பௌர்ணமியன்று முதல் மணிக்கு நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அவர் நோட்டை நீட்டினார்.

"வாத்தியார் வரலன்னா இன்னா, நீ வந்துட்ட இல்ல. கையெழுத்துப் போட்டுட்டு சாவிய எடுத்துக்க. உள்ள உக்காந்து படி."

அப்படித்தான் பருவம் முழுக்க ஓடியது. நான் திறந்தேன், நான் உட்கார்ந்தேன், நான் பூட்டினேன். மார்ச் மாதம் முடியும்போது, பௌர்ணமியும் அதன் முன்பின் நாட்களுமாக, என் அட்டையில் வேணு சாரின் கட்டங்கள் பதினொன்று வெள்ளையாக இருந்தன. விதிப்படி ஐந்துக்கு மேல் போனாலே என் படிப்பு முடிந்தது. வீட்டில் சொல்லவில்லை. சுக்கு இடித்து இடித்து அம்மாவின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. எந்த நாளுக்காக அவள் தனியாகக் கிடந்து பாடுபட்டாளோ, அந்த நாளில்தான் நான் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை எந்த வாயால் சொல்வேன்?

ஏப்ரலில் தகுதிகாண் குழு கூடியது. முதல்வர், வேணு சார், தசரதன் என்று மூன்று பேர். பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்து வைத்திருந்தார்கள், எல்லோரும் வர வேண்டுமே. அன்று காலை நான் மண்ணாங்கட்டியிடம் சாவி நோட்டைக் கேட்டேன். சாயங்காலம் திருப்பித் தருவதாகச் சொன்னேன். மனுஷன் ஒரு நிமிடம் யோசித்தார், பிறகு அதை ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

முதல்வர் அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"பதினோரு கட்டம் காலி. பேரை அடிச்சுத்தான் ஆகணும். நான் அடிக்கலம்மா, விதி அடிக்குது."

வேணு சார் இரக்கத்தோடு குறுக்கிட்டார். "கிரிவலப் பாதையில கடை சார் அவங்களுக்கு. பௌர்ணமின்னா வியாபாரத்தை விட முடியாது. பாவம், கஷ்டப்படற குடும்பம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது.

"அந்தப் பதினோரு நாளும் நான் வந்தேன் சார்."

"வந்திருந்தா நான் கையெழுத்துப் போட்டிருப்பேனேம்மா."

"நீங்க வந்திருந்தா போட்டிருப்பீங்க சார்."

செய்தித்தாளைப் பிரித்து நோட்டை மேசையில் வைத்தேன். முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். பதினோரு தேதிகளிலும் முதல் மணிக்குச் சாவி வாங்கியவர், ரேணுகாம்பாள். திருப்பிக் கொடுத்தவர், ரேணுகாம்பாள். இந்த நேரத்தில் தசரதன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கோப்பு என்றால் அவருக்குக் கை சும்மா இருக்காது. வேணு சாரின் வேலைப் பதிவேட்டைத் திறந்து, கடமையே கண்ணாக உரக்கப் படித்தார். அதே பதினோரு தேதிகள், அதே முதல் மணி, அதே அறை. பதினோரு தேற்றங்கள் நடத்தப்பட்டிருந்தன.

"அப்ப ரூம்ல இருந்தது இந்தப் பொண்ணு மட்டும்தான். பாடம் நடத்துனது நீங்க. அப்படின்னா கையெழுத்து ஏன் இல்ல, வேணு?" என்றார் முதல்வர்.

"மரத்தடியில நடத்தினேனோ என்னவோ சார்" என்றார் வேணு சார். கரும்பலகை இல்லாமல் மரத்தடியில் கணிதம் நடத்துவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

முதல்வர் நெற்றியைத் தேய்த்தார். ஜூனில் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வருகிறது. வேணு மேல் தப்பு என்று எழுதினால் ஊர் சிரிக்கும். என் மேல் தப்பு என்று எழுத இந்த நோட்டு விடாது. விதியில் தப்பு என்று எழுதவோ முடியவே முடியாது, அது அமெரிக்காவிலிருந்து வந்தது. மூன்று பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"பேசாம விதி ஏழுல போட்டுக்குங்க சார். அன்னைக்கெல்லாம் ஸ்னோ பெஞ்சிது, காலேஜே மூடிடுச்சுன்னு."

எரிச்சலில்தான் சொன்னேன், சத்தியமாக. வெளியே போ என்பார்கள் என்று நினைத்தேன். முதல்வர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தசரதன், விதி ஏழை எடுங்க."

தசரதன் எடுத்துப் படித்தார். வகுப்பு நடக்காத நாள் யாருடைய குற்றமும் ஆகாது என்று சொல்லும் விதி, ஒன்பதில் அது ஒன்றுதான்.

"மார்கழி, தை வரைக்கும் ஏதோ குளிருன்னு சமாளிக்கலாம் சார். மார்ச் மாசத்துக்கு என்ன பண்றது?" என்றார் தசரதன்.

"விதியில மாசம் போட்டிருக்கா?"

"இல்லைங்க சார்."

"அப்புறம் என்ன?"

வேணு சார் தன் வேலைப் பதிவேட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தப் பதினோரு தேற்றங்களையும் அவர் பிறகு எப்படி வேறு நாட்களுக்கு நகர்த்தினார் என்பது அவருக்கே வெளிச்சம். 'மேற்படி பதினோரு நாட்களும் விதி எண் ஏழின் கீழ் வருவதாகக் குழு ஏகமனதாகக் கருதுகிறது' என்று குறிப்பு எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆக, இரண்டாயிரமாவது ஆண்டு மார்ச் மாதத்தில் திருவண்ணாமலையில் கடும் பனிப்பொழிவு. மலையைச் சுற்றிய லட்சம் பேருக்குத்தான் தெரியாது.

முதல்வர் என் அட்டையில் பச்சை மையில் 'நிலை நீக்கப்பட்டது' என்று எழுதி நீட்டினார். பிறகு சாவி நோட்டை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். அது மண்ணாங்கட்டி அண்ணனுடையது சார், சாயங்காலம் தருவதாகச் சொல்லி வாங்கிவந்தேன் என்று சொல்ல வாய் திறந்தேன்.

"இன்னும் ஏதாவது இருக்காம்மா?" என்றார் முதல்வர்.

அட்டையில் பச்சை மை இன்னும் காயவில்லை.

"இல்ல சார்" என்றேன்.

வெளியே வந்து மண்ணாங்கட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பிரின்சிபால் கிட்டயா? அங்க இருந்தா பத்திரம்தான். நீ தப்பிச்சியே, அது போதும்" என்றார். வீட்டுக்கு வந்ததும்தான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பனி பெய்ததாக எழுதிய இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் சுண்டல் அடி பிடித்துவிட்டது. அடுத்த வருடம் மண்ணாங்கட்டி கையில் புது நோட்டு ஒன்று இருந்தது. பழையது எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. மஞ்சள் அட்டைத் திட்டத்தை ஆய்வுக் குழு வருவதற்கு முன்பே சத்தமில்லாமல் வாபஸ் வாங்கியிருந்தார்கள்.

எம்.எஸ்ஸி. முடித்தேன், எம்.ஃபில். முடித்தேன், தகுதித் தேர்வும் தேறினேன். 2005 ஜூலையில் அதே கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. முதல்வர் நாற்காலியில் வேணு சார் இருந்தார். "நம்ம ஸ்டூடண்ட்! அந்தக் காலத்துல ஒரு நாள்கூட லீவு போடாத பொண்ணு" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் அறிமுகப்படுத்தினார். நியமன ஆணையில் கொட்டை எழுத்தில் இருந்தது, தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டுகள்.

முதல் மணிக்குச் சாவி வாங்கப் போனேன். மண்ணாங்கட்டிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று "வாங்க மேடம்" என்றார். அந்த 'மேடம்' எனக்குக் கூசியது.

"உக்காருங்கண்ணா. உங்க ஆர்டர் வந்துச்சா?"

"எங்க மேடம்... அந்தப் பழைய சாவி நோட்டு காணோம்னு மெமோ குடுத்தாங்க. பொறுப்பில்லாதவன்னு ஆர்டரை நிறுத்திட்டாங்க. இன்னும் ப்ரொபேஷன்தான்."

"அது பிரின்சிபால் டிராயர்லதானே இருந்துச்சு!"

"நானும் அதான் சொன்னேன். அங்க எப்படி வந்துது, யாரு கொண்டாந்து குடுத்தாங்கன்னு எழுதிக் குடுன்னாங்க. அப்ப நீங்க ரெண்டாவது வருசம். உங்க பேரை எழுதினா மறுபடியும் உங்க படிப்புல கை வெச்சுடுவாங்களேன்னு, தொலைச்சுட்டேன்னே எழுதிக் குடுத்துட்டேன்."

சாவிக்கு நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு 'இல்ல சார்' என்று சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"நான் எழுதித் தரேண்ணா. நோட்டை நான்தான் கமிட்டியில குடுத்தேன்னு."

"இப்ப வேணாம் மேடம். வேணு சார் பிரின்சிபாலா இருக்காரு. உங்களுக்கும் ப்ரொபேஷன் போட்டிருப்பாங்க. முடியட்டும், அப்புறம் எழுதுங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், மனதுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"ரெண்டே வருசம்தாண்ணா. ஓடிடும். முடிஞ்ச அன்னைக்கே எழுதிடறேன்" என்றேன்.

மண்ணாங்கட்டி தலையை ஆட்டிக்கொண்டே நோட்டில் தேதியை எழுதினார்.

"ஆமா மேடம். எனக்கும் ரெண்டு வருசம்னுதான் போட்டிருந்தாங்க."

கேலியாக அவர் அதைச் சொல்லவில்லை. ஒரு தகவலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கையெழுத்துப் போட எடுத்த பேனாவால் நோட்டைக் காட்டினேன்.

"அண்ணா, அந்த நோட்டுல இருந்து ஒரு தாள் கிழிச்சுக் குடுங்க. இப்பவே எழுதிடறேன்."

அவர் நோட்டைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஐயோ, இதுல கிழிக்கக்கூடாது மேடம். ஒரு பக்கம் கம்மியானாலும் எனக்குத்தான் மெமோ குடுப்பாங்க."

நான் நேராக அலுவலகத்துக்குப் போய்த் தசரதனிடமே ஒரு வெள்ளைத்தாள் வாங்கினேன்.